ஃபைலும் ரசமட்டமும்

வங்கிக்காரனுக்குக் கட்டட வேலையில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். வீட்டுக்கடனுக்கு ஈடாக நாங்கள் பிடித்து வைப்பதே அந்தக் கட்டடத்தைத்தானே! சரி, விஷயத்துக்கு வருவோம்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் லியான் யாக் கட்டடம் என்று ஒன்று இருந்தது. ஹோட்டல் நியூ வேர்ல்டு என்றால்தான் பலருக்கும் தெரியும். ஆறு மாடி, கீழ்த்தளத்தில் ஒரு வங்கிக் கிளை. 1986 மார்ச் 15 அன்று அப்படியே தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. 1989-ல் வந்த சட்டம், பொறியாளர் போட்ட கணக்கை வேறொரு பொறியாளர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்றது.

அதே 1989-ல் வந்ததுதான் கான்குவாஸ். இது கைவேலைக்கு மார்க் போடும் முறை. சுவரிலும் தரையிலும் 1.2 மீட்டர் மட்டக்கோல் வைப்பார்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் மார்க் போச்சு. டைல்ஸைத் தட்டுவார்கள், அடியில் கலவை சரியாக நிரம்பவில்லை என்றால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். முதல் பார்வையில் கிடைத்த மார்க்தான் மார்க். பிறகு உடைத்துச் சரிசெய்தாலும் கூடாது.

இன்னொரு பக்கம் ஐஎஸ்ஓ 9000. 1987-ல் வெளியான தரநிர்வாக நெறி. யார், எதை, எப்போது சோதிக்க வேண்டும், எங்கே கையெழுத்து என்று எழுதி வைப்பது. சிங்கப்பூரில் பெரிய அரசு வேலைகளை எடுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கு இந்தச் சான்றிதழைப் பின்னாளில் கட்டாயமாக்கினார்கள்.

ஒன்று போதாதா? போதாது. வவுச்சர் எல்லாம் சரியாக இருந்தும் பெட்டியில் பணம் குறைவதுண்டு. அதுபோல ஃபைல் ஒழுங்காக இருக்கும், சுவர் கோணலாக இருக்கும். மார்க் மட்டும் வைத்தாலோ, குறை தெரியும். அது எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று தெரியாது. டைல்ஸ் குறை திரும்பத் திரும்ப வந்தால், அதைச் செய்முறை ஏட்டுக்குக் கொண்டுபோய், ஒட்டும்போதே யார் பார்ப்பது என்று மாற்றி எழுத வேண்டும். அப்போதுதான் இரண்டுக்கும் பலன்.

காட்டாக்கடை, பாறசாலை பக்கத்துக் கொத்தனார்களிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் என்றைக்கும் உண்டு. ஏடுதான் இல்லை. யார் வார்த்த கூரை எந்த மழைக்காலத்தில் ஒழுகியது என்பது வாய்வழியாகவே நிற்கிறது. வளைகுடாவில் உழைத்தவர் இருபது வருடக் கடனில் வீடு கட்டுகிறார். பத்திரம், வரைபடம், அனுமதி எல்லாவற்றையும் வங்கி பார்க்கிறது. சுவரில் ஒரு மட்டக்கோல் வைத்துப் பார்த்து, அதையும் எழுதி வைத்தால் என்ன? ஒழுகினாலும் தவணை நிற்காதே!