ஓடுகளமும் உறைபனியும்

சிகாமட் வட்டாரத்தில் வாழும் மக்களுக்கு வானத்தின் போக்கைப் பற்றி எவரும் பாடம் சொல்லித்தர வேண்டுவதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டும் காலத்தில் சிகாமட் ஆறு கரைமீறும். நேற்றுவரை விளையாட்டுத் திடலாக இருந்த இடம் இன்று குளமாகக் கிடக்கும். 2006 டிசம்பரிலும் அதனைத் தொடர்ந்து 2007 ஜனவரியிலும், பின்னர் 2011 தொடக்கத்திலும், 2023 மார்ச்சிலும் இந்நகரைச் சூழ்ந்த வெள்ளங்களை மறந்தவர் இலர். இத்தகைய ஊரில் தோட்டத்துத் திடலில் காற்பந்துப் போட்டிக்கு நாள் குறிப்பவர்கள் பந்தைக் காட்டிலும் மேகத்தையே மிகுதியாக நோக்குவர். ஆட்டம் ஒருவாறு நடந்தேறினாலும் ஓர் ஐயம் எஞ்சி நிற்கும். வென்றவர்கள் தம் ஆற்றலால் வென்றனரா, அன்றி எதிரணியினர் வழுக்கி விழுந்தமையால் வென்றனரா?

இந்த ஐயம் காற்பந்துக்கு மட்டும் உரியதன்று. முயலொன்றை ஓடவிட்டு, அதன்பின் இரண்டு நாய்களை அவிழ்த்துவிட்டு, அவற்றின் திறனை ஒப்பிட்டு நோக்கும் பழைய பந்தயமொன்றை இது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அலைக்கழித்தது. அப்பந்தயத்தின் வரலாற்றை நாய்களின் வரலாறாக எழுதியோர் பலர். வானிலையின் வரலாறாகவும் அதனை எழுதலாம். அவ்வாறு எழுதுவதே பொருத்தம் என்று தோன்றுகிறது.

வேட்டைநாய்களுள் இரு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்று நிலத்தில் படிந்த மணத்தை மோந்து தொடர்வது. மற்றொன்று கண்ணால் கண்டு விரட்டுவது. ஒடுங்கிய முகம், ஆழ்ந்த மார்பு, உள்வாங்கிய வயிறு, நீண்ட கால்கள் ஆகியவை இப்பின்னைய இனத்தின் அடையாளங்கள். இவற்றுள் புகழ்பெற்ற கிரேஹவுண்டு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் ஓட வல்லது. அந்த விரைவே அதன் வலிமை. அதுவே அதன் குறையும் ஆகும். மோந்து செல்லும் நாயின் முகம் தரையை ஒட்டியே இருக்கும். கண்ணால் துரத்தும் நாயோ இரையைப் பார்க்கிறதேயன்றித் தரையைப் பார்ப்பதில்லை. பள்ளமும் கல்லும் பனிக்கட்டியும் அதன் காலுக்குத்தான் முதலில் தெரியவரும்.

தமிழகத்திலும் இத்தகைய நாய்கள் உண்டு. சிப்பிப்பாறை என்பது இன்றைய விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர். அவ்வூரின் பெயரையே தாங்கிய நாயினம் முயல் விரட்டுவதற்கென்றே வளர்க்கப்பட்டது. கன்னி என்பது அதன் உறவினம். சாத்தூர், கோவில்பட்டி, விளாத்திகுளம் பகுதிகளின் கரிசல் நிலமே இவற்றின் தாயகம். கரிசலை அறிந்தவர்க்கு அதன் இருமுகமும் தெரியும். மழை பெய்தால் களியாகிக் காலைப் பற்றி இழுக்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஓடும் காலை உள்வாங்கும் இடுக்குகளைத் திறந்துவைக்கும். கதிர் அறுத்து நிலம் வெறுமையாகி, ஈரமும் முற்ற வற்றாத இடைக்காலமே ஓட்டத்துக்கு ஏற்றது. பாரிவேட்டை எனப்பட்ட கூட்டு வேட்டை ஊர்வழக்கமாக இருந்த காலத்தில் இந்த நிலவறிவு ஏட்டில் எழுதாமலே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் முயல் வேட்டையைக் குற்றமாக்கின. நாய்கள் எஞ்சின, அவற்றின் தொழில் மறைந்தது.

ஆயினும் கரிசலில் நிகழ்ந்தது வேட்டை. விதி வகுத்து நடுவர் அமர்த்தி நடத்திய போட்டியன்று. போட்டியாக அதனை வளர்த்தவர் ஐரோப்பியரே. அங்கும் வானிலை பற்றிய கவலை மிகப் பழையது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ரியன் என்னும் கிரேக்க ஆசிரியரைத் தமிழ் மாணவர் பெரும்பாலும் அலெக்சாந்தரின் படையெடுப்பையும் இந்தியாவையும் பற்றி எழுதியவராகவே அறிவர். அவர் நாய்களைக் கொண்டு முயலைத் துரத்தும் கலை பற்றியும் ஒரு நூல் எழுதியுள்ளார். இளவேனிலும் இலையுதிர் காலமுமே நாய்களுக்குத் தீங்கற்ற பருவங்கள் என்பதும், கோடை வெப்பத்தில் அரிதாகவே ஓடவிட வேண்டும் என்பதும், உறைபனித் தரை பாதங்களைப் புண்படுத்தும் என்பதும் அவர் கருத்துகள். மூச்சிரைக்கும் நாய்க்குக் கொடுக்க முட்டை கொண்டுசெல்லுமாறும் அறிவுறுத்துகிறார். முயலைக் கொல்வதற்காக அன்றி ஓட்டத்தைக் காண்பதற்காகவே நாயை அவிழ்ப்பவனே நல்ல வேட்டுவன் என்பது அவர் கொள்கை. அவருக்குப் பின் வந்தோர் இக்கொள்கையைப் பாராட்டினர். பருவம் பற்றிய எச்சரிக்கையை மட்டும் வசதியாக மறந்தனர்!

மறந்தமைக்குச் சான்று, இங்கிலாந்தின் புகழ்மிக்க நாய்ப் போட்டி பிப்ரவரி மாதத்தில் நடத்தப்பட்டமையே. லிவர்பூல் நகரில் வாட்டர்லூ என்னும் விடுதியை நடத்திய வில்லியம் லின் என்பவர் 1836இல் வாட்டர்லூ கோப்பையைத் தொடங்கிவைத்தார். நகருக்கு வடக்கே, செப்டன் பிரபுவுக்கு உரிய ஆல்ட்கார் சமவெளியே களம். முதலாண்டில் ஓடியவை 8 நாய்கள். 1857 முதல் 64 நாய்கள் மூன்று நாள் மோதின. 1858இல் தேசிய அளவில் சங்கமொன்று அமைந்து விதிகளை ஒழுங்குபடுத்தியது.

போட்டியின் முறை எளியது. ஒன்றுக்குச் சிவப்பும் மற்றொன்றுக்கு வெள்ளையும் கழுத்துப்பட்டையாகக் கட்டி, இரண்டு நாய்களை ஒரே வாரில் பிடித்துநிற்பார் ஒருவர். ஆட்கள் கலைத்துவிட்ட முயல் அவரைக் கடந்து ஏறத்தாழ 80 கஜம் சென்றபின் வாரை நழுவவிடுவார். குதிரைமீது பின்தொடரும் நடுவர் புள்ளிகளைக் கணக்கிடுவார். முயலை முதலில் நெருங்கிய விரைவுக்கும், மற்ற நாயை முந்திச் சென்றமைக்கும், முயலைத் திரும்பச் செய்தமைக்கும் தனித்தனிப் புள்ளிகள் உண்டு. முயலைக் கொல்வது வெற்றியை உறுதிசெய்வதன்று. தப்பிய முயலும் வெற்றியாளரைத் தீர்மானிக்கும். நடுவரின் தீர்ப்பே முடிந்த முடிபு.

விதிகள் இவ்வளவு நுட்பமாக இருந்தும் விதிக்குள் அடங்காதது ஒன்று இருந்தது. அது தரை. ஆல்ட்கார் தாழ்ந்த சதுப்பை வடித்துப் பெற்ற நிலம். வடிகால்கள் அதனைக் குறுக்கும் நெடுக்கும் அறுத்துச் செல்கின்றன. ஆல்ட் என்னும் சிற்றாறு அருகே ஓடுகிறது. மழை மிகுந்தால் வயல் கனத்துப் போகும். அப்போது உடல் பருத்த நாய் களைக்கும். எடை குறைந்த முயல் எளிதில் நழுவும். பனி உறைந்தால் நிலை வேறு. முயலின் உள்ளங்கால் மயிர் அடர்ந்தது. இறுகிய தரையிலும் அது தடுமாறாது. நாயின் பாதமோ கீறிக் கிழியும். திரும்பும்போது தோள் பிசகும். ஆகவே தரை இறுகினால் ஓட்டத்தை நிறுத்திவைத்துப் பனி இளகுவதற்குக் காத்திருப்பதே முறை. பந்தயத்தில் பெரும்பணம் கட்டியவர்களுக்கு அக்காத்திருப்பு எவ்வளவு கசந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டா.

நிலத்தின் அநீதி அத்துடன் நிற்கவில்லை. 64 நாய்களுள் வெல்ல விரும்புவது ஆறு சுற்றுகளைக் கடக்க வேண்டும். காலையில் ஈரவயலில் வலிய முயலொன்றின் பின் நெடுந்தொலைவு ஓடிக் களைத்த நாய், அடுத்த சுற்றில் குறுகிய ஓட்டத்தில் எளிதாக வென்றுவந்த நாயை எதிர்கொள்ள நேரும். ஒரே வாரில் பிடித்த இரண்டனுள் ஒன்று மேட்டிலும் மற்றொன்று சாலிலும் கால்வைத்துப் புறப்பட்டாலே முதற்புள்ளி கைமாறிப் போகலாம். இவற்றை எந்த நடுவரால் நிறுத்துப் பார்க்க முடியும்?

1870இல் நிகழ்ந்தது இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. அயர்லாந்தில் 1866இல் பிறந்த மாஸ்டர் மக்ராத் என்னும் நாய் 54 இராத்தல் எடையே உடையது. லர்கன் பிரபுவின் இந்நாய் 1868, 1869 ஆகிய இரண்டாண்டுகளிலும் கோப்பையை வென்றிருந்தது. மூன்றாம் முறையும் அதுவே வெல்லும் என்பது பலருடைய எதிர்பார்ப்பு. அவ்வாண்டுக் களத்தைக் குளிர் இறுக்கியிருந்தது. லேடி லயன்ஸ் என்னும் நாயுடன் முதற்சுற்றில் ஓடிய மக்ராத் தோற்றது. தோற்றது மட்டுமன்று, ஆல்ட் ஆற்றின்மேல் படர்ந்திருந்த பனிப்படலம் உடைந்து உள்ளே விழுந்து மூழ்கும் நிலையை அடைந்தது. வில்சன் என்னும் அயர்லாந்துக்காரர் அதனை மீட்டார். இனி இந்நாயை ஓடவிடுவதில்லை என்று பிரபு உறுதி பூண்டார் என்பர். லேடி லயன்ஸ் சிறந்த நாயாகவே இருக்கலாம். ஆனால் அன்றைய தோல்வியில் எவ்வளவு பங்கு அதனுடையது, எவ்வளவு பங்கு பனியினுடையது என்பதை எவராலும் பிரித்துரைக்க இயலவில்லை.

பிரபுவின் உறுதி ஓராண்டுக்கு மேல் நிலைக்கவில்லை. 1871இல் மக்ராத் மீண்டும் ஆல்ட்காருக்கு வந்தது. மூன்றாம் முறையாகக் கோப்பையை வென்றது. விக்டோரியா அரசியாரும் அதனை வரவழைத்துக் கண்டார். அவ்வாண்டு டிசம்பரிலேயே அது இறந்தது. அயர்லாந்தில் டங்கார்வன் அருகே சாலையோரத்தில் அதற்கு நினைவுச்சின்னம் நிற்கிறது. 1870ஆம் ஆண்டு மட்டும் இடையில் குறுக்கிடாதிருந்தால், தொடர்ந்து நான்கு முறை கோப்பையைக் கண்ட முதல் நாய் என்னும் பெருமை அதற்கே வாய்த்திருக்கக்கூடும். அப்பெருமை 1889இல் வெற்றியைப் பகிர்ந்துகொண்டு, அடுத்த மூன்றாண்டுகளும் தனித்து வென்ற புல்லர்டன் என்னும் நாய்க்குச் சென்றது.

வானத்தோடு வாதிட முடியாதவர்கள் களத்தை மாற்ற முனைந்தனர். 1876இல் பிளம்ப்டன் என்னுமிடத்தில் வேலியடைத்த திடலுக்குள் போட்டி நடத்தினர். திறந்த வெளியின் வடிகாலும் சாலும் அங்கு இல்லை. ஆனால் முயல் தான் பிறந்து வளர்ந்த நிலத்தில் ஓடவில்லை. அதன் தந்திரங்களுக்கு இடமில்லாமற் போனது. பழைய ஆர்வலர்கள் முகஞ்சுளித்தனர். இங்கிலாந்தில் அம்முறை வேரூன்றவில்லை. அயர்லாந்தில் மட்டும் 1925 முதல் குளோன்மெல் நகரில் அது நிலைபெற்றது. அதே 1876இல் இலண்டனை அடுத்த ஹெண்டனில் பொம்மை முயலொன்றை நேர்க்கோட்டில் இழுத்துக் காட்டிய முயற்சியும் ஒருநாள் வேடிக்கையாகவே கழிந்தது.

பொம்மையை வளைவில் ஓடச்செய்தவர் அமெரிக்கரான ஓவன் பாட்ரிக் ஸ்மித். மின்விசையால் இயங்கிய அவர் கருவி 1919இல் கலிபோர்னியாவின் எமரிவில் நகரில் ஓடுகளம் கண்டது. 1926 ஜூலை 24ஆம் நாள் மான்செஸ்டரின் பெல் வியூ திடலில் இங்கிலாந்தின் முதல் கூட்டம் நடந்தபோது வந்தவர்கள் 1,700 பேரே. சில வாரங்களுள் அத்தொகை பன்மடங்காயிற்று. ஆல்ட்காருக்குப் பகலில் செல்லப் பிரபுக்களுக்கு ஓய்வு இருந்தது; தொழிலாளிக்கு இல்லை. விளக்கொளியில் மாலை நேரத்தில் நடந்த புதிய பந்தயம் ஆலையிலிருந்து திரும்பியவர்க்கும் எட்டியது. இச்சமூக மாற்றத்தைப் பந்தயக்காரரின் பேராசை என்று மட்டும் ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று.

களத்தைச் சமப்படுத்தியதால் இன்னல் ஒழிந்ததா? புல்தரை மழையில் நைந்தது. அதற்கு மாற்றாக மணல் வந்தது. மணலையும் உலரவிடாமலும் ஊறவிடாமலும் காக்க வேண்டியிருந்தது. முதல் வளைவில் நாய்கள் நெருங்கி மோதின. திறந்த வயலில் தோளைப் பிசக்கிய தரை, இங்கு வளைவாக உருமாறி எலும்பை முறித்தது. வெப்பம் மற்றோர் எதிரி. ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடியினும் நாயின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியசை எட்டிவிடும். நாய்க்கு மனிதனைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே அது குளிர வேண்டும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்த இரைப்பும் பயன் குறையும். சிகாமட்டின் பிற்பகற் புழுக்கத்தில் நின்று பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆசியாவில் மக்காவ் நகரின் ஓடுகளம் 1963 முதல் இயங்கி 2018இல் மூடப்பட்டது; ஐந்நூறுக்கு மேற்பட்ட நாய்களுக்கு அப்போது புதுவீடு தேட வேண்டியதாயிற்று.

ஆல்ட்காரில் பழைய முறையே தொடர்ந்தது. 2001இல் போட்டியை நிறுத்தியது மழையுமன்று, பனியுமன்று. கால்நடைகளைத் தாக்கிய கோமாரி நோய். முயலுக்காகக் குரல்கொடுத்தவர்களின் எதிர்ப்பு ஆண்டுதோறும் வலுத்தது. உயிருள்ள முயலின் அச்சத்தைப் புள்ளிகளாக எண்ணுவது கொடுமை என்ற அவர்களின் வாதத்துக்கு நிறைவான மறுமொழி கிடைத்ததில்லை. 2005 பிப்ரவரி 16ஆம் நாள் இறுதிச் சுற்று முடிந்தது. 18ஆம் நாள் தடைச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையே அமெரிக்காவில் வேறொரு வழி பிறந்திருந்தது. லைல் கில்லெட் என்பவரும் நண்பர்களும் 1970களின் தொடக்கத்தில், கப்பிகளில் கோத்த நீண்ட கயிற்றில் வெள்ளை நெகிழிப் பைகளைக் கட்டி, வயல்வெளியில் முயலின் கோணல்மாணலான ஓட்டத்தைப் போல இழுத்துக் காட்டினர். 1972இல் இதற்கெனச் சங்கமும் அமைந்தது. மஞ்சள், இளஞ்சிவப்பு, நீல மேலாடைகள் அணிந்த மூன்று நாய்கள் ஓடும். விரைவுக்கு 25, நெளிந்து திரும்பும் திறனுக்கு 25, தாங்குவலிமைக்கு 20, ஆர்வத்துக்கும் பின்தொடர்தலுக்கும் தலா 15 என நூறு புள்ளிகள். கயிறு சிக்கினால் அவ்வோட்டம் செல்லாது, மீண்டும் ஓடலாம். 1870இல் மக்ராத்துக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

எனினும் களம் இன்னும் திறந்த புல்வெளியே. வெயில் ஏறுமுன் தொடங்குவதற்காக அமைப்பாளர்கள் விடியலிலேயே வந்துவிடுகின்றனர். நாய்களை வண்டியிலிருந்து இறக்குமுன் ஓடுவழி முழுவதையும் நடந்து பார்த்து, வளைகளை அடைத்து, கற்களைப் பொறுக்கி, குதிகாலால் புல்லை அழுத்திப் பார்க்கின்றனர். ஈரம் மிகுந்து கால் வழுக்கினால், வளைவில் நட்ட கப்பிகளைப் பிடுங்கிச் சற்று மேட்டில் நடுகின்றனர்.