தோல் துருத்தி முதல் மின்னழுத்தமானி வரை

லண்டனில் காலணி வணிகம் செய்த குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுவகைக் கார்புரேட்டர் ஒன்றை வடிவமைத்தார். அதனுள் அசைந்தது தோல் துருத்தி. செருப்பு வணிகர் வீட்டுக் கண்டுபிடிப்பு என்பதால் அதில் வியப்பில்லை. இந்தக் கார்புரேட்டரைத் தயாரிக்க 1910-இல் எஸ்.யு. நிறுவனம் உருவானது. பின்னாளில் துருத்தியின் இடத்தை உலோகப் பிஸ்டன் பிடித்தது. 1926-இல் கார் தயாரிப்பாளர் வில்லியம் மோரிஸ் நிறுவனத்தை வாங்க, தயாரிப்பு பர்மிங்காமுக்கு இடம்பெயர்ந்தது.

1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப்பில் மூன்று எஸ்.யு. கார்புரேட்டர்கள் இருந்தன. அவற்றின் கோளாறறிய மெக்கானிக்குக் காதும் விரலும் போதும். இன்ஜின் ஓடுகையில் கார்புரேட்டரின் பிஸ்டனைச் சற்றே உயர்த்துவார். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் அணைந்தால் குறைவு. ஒரு கணம் கூடி அடங்கினால் அளவு சரி. ஒரு குழாயின் முனையைக் காதில் வைத்து, ஒவ்வொன்றிலும் நுழையும் காற்றின் சீறலை ஒப்பிட்டு மூன்றையும் சமப்படுத்துவார்.

மின்னணு எரிபொருள் செலுத்தம் வந்ததும் இந்தக் காதுக்கலை மங்கியது. த்ராட்டிலின் நிலையைச் சொல்லும் சென்சாருக்குப் பொதுவாக 5 வோல்ட் தரப்படும். த்ராட்டிலை மெல்லத் திறக்கையில் அது திருப்பித் தரும் மின்னழுத்தம் மின்னழுத்தமானியில் சீராக ஏற வேண்டும். நடுவில் துள்ளினால் சென்சாரின் உள்தடம் தேய்ந்திருக்கிறது. கால் அதிகம் தங்கும் தொடக்கப் பகுதியே பெரும்பாலும் முதலில் தேயும்.