வாகனத்துக்குள் சரக்கு அடுக்கும் முறைகள்: பழவங்காடி சாலையோரம் முதல் விழிஞ்ஞம் துறைமுகம் வரை

திருவனந்தபுரம்: பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடைப்பதே முதன்மையான நேர்த்திக்கடன். அங்கு உடைபடும் தேங்காயும், அருகிலுள்ள சாலை கடைவீதிக்கு வரும் காய்கறி, பலசரக்கு, துணி, பாத்திரங்களும் ஏதோ ஒரு வாகனத்தில் வந்து இறங்க வேண்டியவையே. கிழக்கேகோட்டைக்கும் தம்பானூருக்கும் இடையே, பேருந்துகளும் பாதசாரிகளும் நெருங்கிச் செல்லும் இப்பகுதியில், ஒரு லாரி ஓரமாக நின்று சரக்கை இறக்குவதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. எனவே, ஒரு வாகனத்தில் எவ்வளவு ஏற்றலாம் என்பதைவிட, ஏற்றியதை எந்த வரிசையில் அடுக்குவது, எப்படிப் பிரிப்பது, எதனால் பிணைப்பது என்பதே இங்கு பெரிய கேள்வி.

திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சாலை கடைவீதி, மாட்டுவண்டிகள் ஓடிய காலத்து அகலத்தில் அமைந்தது. பழவங்காடி என்ற பெயரிலேயே அங்காடி இருக்கிறது. வாகனங்கள் பெரிதாகின, தெரு பெரிதாகவில்லை. சரக்கு வாகனங்களின் உட்புறத்தில் ஏற்பட்ட மாற்றங்களில் பல, இத்தகைய பழைய தெருக்களின் நெருக்கடிக்குக் கண்ட விடைகளே.

கடைசியில் ஏற்றியது முதலில் இறங்கும்

பின்கதவு மட்டுமே உள்ள வாகனத்துக்கு ஒரே விதிதான்: கடைசியில் ஏற்றிய மூட்டை முதலில் இறங்கும். நாகர்கோவிலிலிருந்து புறப்படும் ஒரு லாரியில் நான்கு கடைகளுக்கான சரக்கு இருந்தால், நான்காவது கடைக்கு உரியதை முதலில் ஏற்ற வேண்டும். இந்த வரிசை தவறினால், இடையில் உள்ள மூட்டைகளைச் சாலையில் இறக்கி வைத்து, வேண்டியதை எடுத்தபின் மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும். இருமுறை கூலி, இருமுறை நேரம், அதற்குள் பின்னால் போக்குவரத்து நெரிசல். இதற்காகவே பக்கவாட்டுக் கதவுகளும், மூன்று புறமும் மடங்கித் திறக்கும் தடுப்புப் பலகைகளும் சிறிய சரக்கு வாகனங்களில் வந்தன. மூன்று புறமும் திறக்கும் வாகனத்தில் வரிசையின் பிடி தளர்கிறது. நெரிசலான தெருவில் சாலைப் பக்கம் இறக்காமல், கடைப் பக்கமே இறக்கவும் முடிகிறது.

ஓடும் வாகனத்துக்குள் பொருள்களை ஒழுங்குபடுத்துவதில் இந்தியாவின் மிகப் பழைய முன்மாதிரி, ரயில்வே அஞ்சல் சேவையாகும். 1860-களில் அலகாபாத்-கான்பூர் தடத்தில், ஓடும் ரயிலிலேயே கடிதங்களைப் பிரிக்கும் பணி தொடங்கப்பட்டது. பெட்டியின் சுவர் முழுவதும் புறாக்கூடு போன்ற சிறு அறைகள். ஒவ்வோர் அறையும் ஓர் ஊருக்கு அல்லது ஒரு தடத்துக்கு உரியது. ஆடும் வண்டியில் நின்றபடியே ஊழியர்கள் கடிதங்களைப் பிரித்துப் போடுவார்கள். ரயில் நிலையத்தை அடைவதற்குள் அந்த ஊருக்கான பை கட்டப்பட்டுத் தயாராக இருக்கும். பயண நேரமே வேலை நேரமாக மாறியதுதான் இதன் சிறப்பு. ஓடும் ரயிலில் பிரிக்கும் முறை பின்னர் கைவிடப்பட்டாலும், ஆர்.எம்.எஸ். என்ற பெயர் தம்பானூர் உட்பட நாட்டின் பல ரயில் நிலையப் பகுதிகளில் இன்றும் புழங்குகிறது.

மும்பையின் டப்பாவாலாக்களும் ஏறத்தாழ இதையே செய்கிறார்கள். 1890-ஆம் ஆண்டளவில் தொடங்கிய இச்சேவையில், உணவுப் பாத்திரங்களின் மூடியில் எழுதப்படும் குறியீடு, எந்த நிலையத்தில் எந்தத் தட்டுக்கு அது மாற வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். உள்ளூர் ரயிலின் சரக்குப் பெட்டியில் நீண்ட மரத்தட்டுகளில் அவை ஏற்றப்படுகின்றன. விலை உயர்ந்த கருவி எதுவும் இதில் இல்லை; எது எங்கே இருக்க வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது, அவ்வளவே.

உருளும் தேங்காய், நசுங்கும் தக்காளி

எல்லாச் சரக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மூட்டை கட்டாமல் கொட்டப்பட்ட தேங்காய், லாரிக்குள் ஏறக்குறைய நீரைப் போல நடந்துகொள்ளும். வளைவில் வண்டி திரும்பும்போது மொத்தக் குவியலும் ஒரு பக்கமாகச் சரிந்து பக்கப் பலகையை அழுத்துகிறது. டேங்கர் லாரிகளின் உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகள் பொருத்தப்படுவது இதே காரணத்துக்காகத்தான். பாதி நிரம்பிய டேங்கரில், பிரேக் பிடித்த பின்னும் திரவம் முன்னோக்கிப் பாய்ந்து வண்டியைத் தள்ளும். தடுப்புகள் அந்தப் பாய்ச்சலைச் சிறு சிறு பகுதிகளாக உடைக்கின்றன. தேங்காய் ஏற்றும்போது குறுக்கே பலகை வைத்துத் தளத்தைப் பகுத்தாலும், சாக்குகளில் கட்டினாலும் கிடைப்பது இதே பலன்தான்.

தக்காளியின் சிக்கல் வேறு. சாக்கிலோ ஆழமான கூடையிலோ அடைத்தால், மேல் அடுக்கின் எடை முழுவதையும் அடியில் உள்ள பழமே தாங்க வேண்டும். லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் பழம், காய்கறிகளில் ஏற்படும் அறுவடை மற்றும் அறுவடைக்குப் பிந்தைய இழப்பு, பயிருக்கு ஏற்ப 4.58 சதவீதம் முதல் 15.88 சதவீதம் வரை உள்ளது. இது முழுவதும் வாகனத்தில் நிகழ்வதன்று; ஆனால் வாகனத்தில் நிகழும் பகுதியைக் குறைக்கும் எளிய வழி பிளாஸ்டிக் பெட்டிதான். அதில் மேற்பெட்டியின் எடையைக் கீழ்ப்பெட்டியின் விளிம்பும் சுவரும் தாங்குகின்றன, உள்ளே இருக்கும் பழம் தாங்குவதில்லை.

பெட்டியிலும் ஒரு குறை இருந்தது. காலிப் பெட்டிகளைத் திருப்பி எடுத்துச் செல்லும் வண்டி, காற்றைச் சுமந்து செல்லும் வண்டியாகிவிடும். இதற்குக் காணப்பட்ட தீர்வு பாராட்டத்தக்கது. பெட்டியை ஒரு திசையில் வைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்; 180 பாகை திருப்பி வைத்தால் ஒன்றினுள் ஒன்றாக இறங்கிவிடும். அதனால், திரும்பும் பயணத்தில் வண்டியில் மற்ற சரக்குக்கும் இடம் மிஞ்சுகிறது.

தோளின் உயரமும் தளத்தின் உயரமும்

கேரளத்தில் சரக்கு ஏற்றி இறக்குவது, 1978-ஆம் ஆண்டின் சுமைதூக்கும் தொழிலாளர் சட்டத்தின்கீழ் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழிலாகும். ஒரு தொழிலாளி தூக்கக்கூடிய அதிகபட்ச எடையை 75 கிலோவிலிருந்து 55 கிலோவாகக் குறைக்கும் திருத்தத்தைக் கேரள சட்டப்பேரவை 2021-இல் நிறைவேற்றியது. பெண்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் வரம்பு 35 கிலோ. வயது வந்த ஆண் தொழிலாளருக்கு 55 கிலோ என்ற அளவைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ஆம் ஆண்டுப் பரிந்துரையிலேயே குறிப்பிட்டிருந்தது. அதாவது, 100 கிலோ சாக்கு என்பது ஒருவர் தூக்கும் சரக்காக இனி இருக்க முடியாது. சட்டத்தின் ஒரு வரி, மூட்டையின் அளவையும் அதன்வழி லாரியில் அடுக்கும் முறையையும் மாற்றுகிறது.

வாகனத் தளத்தின் உயரமும் இதே கணக்கில் வருகிறது. பெரிய லாரியின் தளம் ஏறத்தாழ ஓர் ஆளின் மார்பு உயரத்தில் இருக்கும். அங்கிருந்து மூட்டையைத் தலைக்கு மாற்றுவது எளிது. கீழிருந்து ஏற்றுவதுதான் கடினம். 2005 மே மாதம் டாடா மோட்டார்ஸ் அறிமுகப்படுத்திய 'ஏஸ்', சுமார் 750 கிலோ ஏற்றக்கூடிய, தாழ்ந்த தட்டையான தளத்துடன் குறுகிய தெருக்களுக்குள் நுழைந்தது. தமிழகத்தில் அதற்குக் 'குட்டி யானை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2011-இல் ஓசூரில் தயாராகி வந்த அசோக் லேலண்டின் 'தோஸ்த்', இந்த வகையில் சற்றுப் பெரிய வாகனம். பெரிய லாரி ஊருக்கு வெளியே நின்று, அங்கிருந்து சிறு வண்டிகள் கடைவாசலுக்குச் செல்லும் முறை இவற்றால் எளிதானது.

இதற்கும் கீழ்ப்படியில் இருப்பது மொபெட். 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50-இன் வழித்தோன்றலான எக்ஸ்.எல். வண்டியில், காலடியில் திறந்த தட்டையான இடம் உண்டு, பின்னிருக்கையையும் கழற்றிவிடலாம். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு கூடை எனச் சிறு வணிகரின் முழுக் கடையும் அதில் அடங்கிவிடுகிறது. குடும்பங்களுக்கான ஸ்கூட்டர்களில் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியே இப்போது போட்டிக்களமாகியுள்ளது. டி.வி.எஸ். நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஜூபிடர் 125-இல், பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியிலிருந்து காலடித் தளத்துக்கு மாற்றப்பட்டதால் 33 லிட்டர் இடம் கிடைத்தது. ஏத்தர் நிறுவனத்தின் ரிஸ்டா மின்சார ஸ்கூட்டரில் இருக்கைக்கு அடியில் 34 லிட்டரும், முன்புறம் தனியாகப் பொருத்தும் பெட்டியில் 22 லிட்டரும் உள்ளன.

கட்டாத சரக்கின் விலை

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் எதன் மீதாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், பின்னால் கட்டப்படாமல் இருக்கும் 20 கிலோ அரிசிப் பையைத் தடுத்து நிறுத்த ஏறத்தாழ 250 கிலோ எடைக்குச் சமமான விசை தேவைப்படும். தடுக்க எதுவும் இல்லையெனில், அந்தப் பை ஓட்டுநரின் இருக்கையை நோக்கியே வரும். ஓட்டுநர் அறைக்கும் சரக்குத் தளத்துக்கும் இடையே உள்ள உறுதியான தடுப்பு இதற்காகத்தான். ஐரோப்பியத் தரநிலையின்படி, சரக்கின் எடையில் முன்னோக்கி 80 சதவீதமும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீதமும் தாங்கும் அளவுக்குப் பிணைப்பு இருக்க வேண்டும். கயிறு பயணத்தில் தளரும். பற்சக்கரப் பிடியுடன் கூடிய பட்டை, இறுக்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். அடியில் விரிக்கும் ரப்பர் விரிப்பு உராய்வைக் கூட்டுவதால், பட்டையின் சுமையும் குறைகிறது.

இந்தியச் சட்டம் இதைப் பெரும்பாலும் அபராதத்தின் வழியே அணுகுகிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவின்படி, கூடுதல் சுமைக்கு 20,000 ரூபாயும், ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். சரக்கு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ முன்பின்னோ மேற்புறமோ நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய். அதை இறக்கும் செலவும் உரியவரையே சேரும்.

பேருந்தும் பெட்டகமும்

பேருந்துகளில் மேற்கூரைச் சுமை குறைந்து, தளத்துக்கு அடியிலுள்ள 'டிக்கி' பெருகியது. எடை கீழே இறங்கியதால் வளைவுகளில் வண்டியின் சமநிலை மேம்பட்டது. தமிழ்நாடு அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் 2022-இல் இந்த இடத்தைப் பார்சல்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமும் 2023-இல் பேருந்து வழி கூரியர் சேவையைத் தொடங்கியது.

பழவங்காடியின் தெற்கே, மாநகர எல்லைக்குள்ளேயே உள்ள விழிஞ்ஞம் துறைமுகத்தில் 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பலான 'சான் பெர்னாண்டோ' வந்து சேர்ந்தது. அது சுமந்து வந்த கண்டெய்னர்களின் வரலாறு, 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பிய 'ஐடியல் எக்ஸ்' கப்பலிலிருந்து தொடங்குகிறது. அவரது பொறியாளர் கீத் டான்ட்லிங்கர் வடிவமைத்த, மூலைகளில் திருகிப் பூட்டும் அமைப்புதான் ஒரே பெட்டியைக் கப்பலிலும் ரயிலிலும் லாரியிலும் பிணைக்க வழிசெய்தது. 1968-இல் அளவுகள் சர்வதேசத் தரமாயின. ஆனால் 40 அடிக் கண்டெய்னர் சாலை கடைவீதிக்குள் எளிதில் திரும்பாது. ஊருக்கு வெளியே அது திறக்கப்பட்டு, உள்ளிருப்பவை சிறு வண்டிகளுக்கு மாற்றப்பட வேண்டும். அந்த வண்டிகளில் எது முதலில் ஏறுகிறது என்பதை அப்போதும் சுமைதூக்கும் தொழிலாளரே கவனித்தாக வேண்டும்.