ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்! கிளம்புறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேட்டுட்டீங்களா?

சுங்குவார்சத்திரம் கூட்ரோட்டில் காலை ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் கழுத்து டேக்கை ஒரு தடவை கவனியுங்கள். அதில் இருக்கும் கம்பெனிப் பெயர் பெரும்பாலும் கொரியாவிலோ தைவானிலோ ஜப்பானிலோ பிறந்ததாக இருக்கும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் கொரிய எழுத்தில் போர்டு வைத்த ஓட்டல்கள் வந்தன. ஒரகடத்தில் 2012-ல் ஜெர்மனியின் டைம்லர், ‘பாரத்பென்ஸ்’ லாரி ஆலையைத் திறந்தது. உலகம் நம்ம ஊருக்கு வந்து கால் நூற்றாண்டு ஆச்சு. நம்ம ஊர்ப் பிள்ளை அங்கே போய் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வர முடியுமா?

முடியும். ஆனால், இந்தப் பக்கத்து இன்ஜினீயரிங் காலேஜ்களில் ‘ஃபாரின் எக்ஸ்சேஞ்ச்’ என்ற ஒரே பெயரில் நாலு வெவ்வேறு சமாசாரங்கள் ஓடுகின்றன. எது எது என்று தெரியாமல் அப்பாவிடம் கையெழுத்து கேட்டுவிடாதீர்கள்.

முதலாவதுதான் உண்மையான எக்ஸ்சேஞ்ச். உங்கள் காலேஜும் அந்த ஊர்ப் பல்கலைக்கழகமும் ஒப்பந்தம் போட்டிருக்கும். நீங்கள் ஃபீஸை வழக்கம்போல் இங்கேயே கட்டுவீர்கள். அங்கே டியூஷன் ஃபீஸ் கிடையாது. அங்கே படித்த கிரெடிட் இங்கே உங்கள் மார்க் ஷீட்டில் ஏறும். இரண்டாவது, ‘செமஸ்டர் அப்ராட்’. கேட்க ஒரே மாதிரி இருந்தாலும், இதில் அங்கேயும் ஃபீஸ் கட்டணும். மூன்றாவது, ட்வின்னிங் மற்றும் கூட்டுப் பட்டம். இதற்கு யு.ஜி.சி. 2022-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது. ட்வின்னிங்கில் வெளிநாட்டில் எடுக்கும் கிரெடிட் மொத்தத்தில் 30 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. நாலாவது, ஒரு வாரம், பத்து நாள் ‘இமர்ஷன்’ டூர். கேம்பஸைச் சுற்றிப் பார்த்து, நாலு லெக்சர் கேட்டு, சர்ட்டிஃபிகேட்டோடு திரும்புவது. சொந்தக் காசில் லட்சக்கணக்கில் கொடுத்துப் போகிறீர்கள் என்றால், அது சுற்றுலா. தப்பில்லை, எக்ஸ்சேஞ்ச் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சொந்தக் காசு இல்லாமலும் குறுகிய பயணம் வாய்க்கலாம். தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச் 1-ல் தொடங்கியது. அதன் ‘ஸ்கவுட்’ பிரிவில் 2024 ஜூனில் 25 இன்ஜினீயரிங் மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்குப் போனார்கள். ‘லண்டன் போறாங்க’ என்றே ஊரெல்லாம் பேச்சு. டர்ஹாம் லண்டனிலிருந்து ரயிலில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் வடக்கே இருக்கிறது. முதல்முறை பாஸ்போர்ட் எடுக்கும் வீட்டிலிருந்து போகிறவருக்கு அந்த ஒரு வாரமே பெரிய கதவு. ஆனாலும் அது ஒரு வாரம். செமஸ்டர் கணக்கு வேறு.

கிரெடிட் திரும்பி வருமா?

எல்லாக் கேள்வியிலும் முக்கியமானது இதுதான். இதைக் கேட்காமல் கிளம்பினால், நண்பர்கள் டிகிரி வாங்கும்போது நீங்கள் விட்ட பேப்பர்களை எழுதிக்கொண்டிருக்க வேண்டி வரலாம்.

ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது அவர்கள் கணக்கு. வகுப்பு, வீட்டில் படிப்பது, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து. நம்ம அண்ணா பல்கலைக்கழக முறையில் வாரம் ஒரு லெக்சர் பீரியட் ஒரு கிரெடிட், இரண்டு லேப் பீரியட் ஒரு கிரெடிட். அளவுகோலே வேறு. அதனால் அங்கே 6 கிரெடிட் என்று சொல்லும் பேப்பர் இங்கே 6-ஆக வந்து இறங்காது. எத்தனையாக இறங்கும் என்பதை உங்கள் டிபார்ட்மென்ட்தான் முடிவு செய்யணும். அதைக் கிளம்புவதற்கு முன்பே பேப்பர் பேப்பராக எழுதி வாங்குவதுதான் ‘லேர்னிங் அக்ரிமென்ட்’. அங்கே எந்தப் பாடம், இங்கே எந்தப் பாடத்துக்குப் பதில், எத்தனை கிரெடிட். இதில் நீங்கள், ஹெச்.ஓ.டி., அந்தப் பல்கலைக்கழகம் மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்கணும். ‘போயிட்டு வாப்பா, பாத்துக்கலாம்’ என்று யார் சொன்னாலும், எவ்வளவு நல்ல சார் சொன்னாலும், அது அக்ரிமென்ட் இல்லை. நீங்கள் திரும்பி வரும்போது அந்த சார் வேறு காலேஜுக்குப் போயிருக்கலாம்.

இன்னொரு விஷயம். தன்னாட்சிக் கல்லூரிக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் பாடத்திட்டம் தங்கள் கையில் இருக்கும், மாற்றுவது சுலபம். சாதாரண இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும். உங்கள் காலேஜ் எந்த வகை என்று இன்றைக்கே பாருங்கள்.

இன்டர்நேஷனல் ஆபீஸில் சுவரில் மாட்டியிருக்கும் ஒப்பந்த போட்டோக்களைப் பார்த்து மயங்க வேண்டாம். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: கடைசி இரண்டு வருஷத்தில் இந்த ஒப்பந்தத்தில் எத்தனை பேர் போனாங்க? அவர்களுடைய மார்க் ஷீட்டில் கிரெடிட் ஏறிடுச்சா? பதில் சுற்றி வளைத்து வந்தால், அந்த ஒப்பந்தம் போட்டோவுக்காகப் போட்டது என்று வைத்துக்கொள்ளலாம். போய் வந்த சீனியர் ஒருவரின் நம்பரை வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மார்க்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மனியில் 1.0-தான் உச்சம். 4.0 பாஸ். 5.0 ஃபெயில். ‘1.3 வாங்கியிருக்கேன்’ என்று சந்தோஷமாக போன் பண்ணினால், வீட்டில் ஒரு நிமிஷம் பேச்சே வராது. முன்னாடியே சொல்லி வைத்துவிடுங்கள்.

எந்த செமஸ்டர்?

நம்ம ஊரில் ஜூலையிலும் ஜனவரியிலும் செமஸ்டர் தொடங்குகிறது. ஜெர்மனியில் அக்டோபர், ஏப்ரல். அக்டோபரில் போனால் வகுப்பும் பரீட்சையும் முடிய பிப்ரவரி, சில சமயம் மார்ச் ஆகிவிடும். அதாவது, இங்கே இரண்டு செமஸ்டரைக் கடிக்கும். கொரியாவில் மார்ச் முதல் ஜூன், செப்டம்பர் முதல் டிசம்பர், கொஞ்சம் பரவாயில்லை. ஏழாவது செமஸ்டரில் கேம்பஸ் இன்டர்வியூ தொடங்கிவிடும். அந்த நேரத்தில் ஊரில் இல்லாமல் போவது நம்மைப் போன்ற வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. ஐந்தாவதோ ஆறாவதோதான் சரி. அதற்கு விண்ணப்பம் இரண்டாம் வருஷத்திலேயே தொடங்கணும். அரியர் நிலுவையில் இருந்தால் பெரும்பாலான காலேஜ்களில் பெயரே அனுப்ப மாட்டார்கள்.

காசு

‘டியூஷன் ஃபீஸ் இல்லை’ என்பதற்கும் ‘செலவு இல்லை’ என்பதற்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ஜெர்மனி விசாவுக்கு மாதம் 992 யூரோ வீதம் கையில் இருப்பதாகக் காட்டணும். 2024 செப்டம்பரிலிருந்து இந்தக் கணக்கு. ரூபாயில் மாதத்துக்கு 90,000-ஐத் தாண்டும். ஐந்து மாதம் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போட்டு, மாதாமாதம் எடுத்துச் செலவு செய்வது ஒரு வழி. உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அதையும் காட்டலாம். இது போக விமான டிக்கெட், விசா கட்டணம், ஹாஸ்டல் அட்வான்ஸ், மாதம் 100 யூரோவுக்கு மேல் மருத்துவக் காப்பீடு. எக்ஸ்சேஞ்ச் மாணவர்களும் கட்ட வேண்டிய செமஸ்டர் பங்களிப்பு என்று ஒன்று உண்டு. பல ஊர்களில் பஸ், டிராம் டிக்கெட் அதற்குள்ளேயே அடக்கம்.

2024 செப்டம்பர், அக்டோபரில் 37 நாள் சாம்சங் வேலைநிறுத்தத்தைப் பார்த்த ஊர் இது. மாதச் சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதனால் ஒன்றை நேரடியாகவே சொல்கிறேன்: உதவித்தொகை இல்லாமல், வட்டிக்கு வாங்கி ஒரே ஒரு செமஸ்டருக்குப் போகாதீர்கள். முழு மாஸ்டர்ஸுக்குக் கடன் வாங்குவதில் ஒரு கணக்கு இருக்கிறது. டிகிரி முடித்து வேலைக்குப் போய் அடைக்கலாம். எக்ஸ்சேஞ்ச் முடித்து வந்தால் நீங்கள் மறுபடியும் மூன்றாம் வருஷ மாணவர்தான்.

உதவித்தொகை எங்கே? ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ், ஒப்பந்தம் உள்ள கல்லூரிகளிலிருந்து போகிறவர்களுக்கு மாதச் செலவும் பயணச் செலவும் தருகிறது. எராஸ்மஸ் 1987-லிருந்து நடக்கிறது. பிரான்ஸுக்கு ‘சார்பாக்’ உதவித்தொகையில் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. ஜப்பானின் ஜாஸ்ஸோ, எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு மாதம் 80,000 யென் தருகிறது; அந்த ஊர்ப் பல்கலைக்கழகம்தான் உங்கள் பெயரைப் பரிந்துரைக்கணும். செமஸ்டருக்குப் பதில் கோடையில் ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப் போதும் என்றால், கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் 12 வாரம் கூப்பிடுகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான மாநில அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை பற்றிப் பலர் கேட்பார்கள். அது முதுநிலை, முனைவர் பட்டங்களுக்கானது. எக்ஸ்சேஞ்சுக்குப் பொருந்தாது, ஆனால், பின்னாடி தேவைப்படும், மறக்காதீர்கள்.

இனிஷியல் பிரச்னை

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மட்டுமே புரியும் தலைவலி இது. மார்க் ஷீட்டில் ‘கே. பிரியா’. ஆதாரில் ‘பிரியா கே’. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போடாமல் அப்பா பெயரை விரித்து எழுதணும். சிலர் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். வெளிநாட்டு ஆன்லைன் விண்ணப்பமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. விசா, விமான டிக்கெட், பல்கலைக்கழக அட்மிஷன், உதவித்தொகை, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயர், அதே வரிசையில், அதே எழுத்தில் இருக்கட்டும். அதனால் எதற்கும் விண்ணப்பிக்கும் முன் பாஸ்போர்ட் எடுங்கள். 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய்.

போன பிறகும் இது விடாது. ஜெர்மனியில் உங்களை ‘ஹெர் முருகேசன்’ என்று கூப்பிடுவார்கள். அப்பாவைத்தான் தேடுறாங்களோ என்று திரும்பிப் பார்க்காமல், கையைத் தூக்குங்கள்.

அங்கே போன பிறகு

முதல் இரண்டு வாரம் முழுக்க ஆபீஸ் ஆபீஸாக அலைச்சல்தான். ஜெர்மனியில் வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்யணும். அது இல்லாமல் பல வேலைகள் நகராது. கொரியாவில் எக்ஸ்சேஞ்சுக்கான விசாவின் பெயர் டி-2-6. போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அட்டைக்கு விண்ணப்பிக்கணும். ஜப்பானில் 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் முகவரிப் பதிவு.

வகுப்பில் ஆச்சரியம் காத்திருக்கும். ஜெர்மனியில் பல லெக்சர்களுக்கு அட்டெண்டன்ஸே எடுக்க மாட்டார்கள். 75 சதவிகிதத்துக்காக ஓடிப் பழகிய நமக்கு அது சொர்க்கம் போல் தோன்றும். ஆனால், இன்டர்னல் மார்க் கைகொடுக்காது. பல பாடங்களில் முழு மார்க்கும் கடைசி ஒரே பரீட்சையில். அந்தப் பரீட்சைக்குத் தனியாக, குறிப்பிட்ட தேதிக்குள் ஆன்லைனில் பதிவு செய்யணும். வகுப்பில் உட்கார்ந்தால் ஹால் டிக்கெட் தானாக வரும் என்று காத்திருந்தால், செமஸ்டரே கையைவிட்டுப் போகும். வாய்மொழித் தேர்வும் உண்டு. எதிரில் பேராசிரியர், நீங்கள், அரை மணி நேரம். மனப்பாடம் முதல் மூன்று நிமிஷம்கூடத் தாங்காது.

சாப்பாடு பற்றி யூடியூபில் போதுமான அளவு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் மளிகைக் கடை மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கொரியாவில் சுத்த சைவம் கஷ்டம். கிம்ச்சியிலேயே பெரும்பாலும் மீன் சாஸ் இருக்கும்.

யாரும் அதிகம் பேசாதது, இருட்டு. நவம்பர் கடைசியில் பெர்லினில் சாயங்காலம் நாலு மணிக்கே சூரியன் போய்விடும். வீட்டுக்கு போன் பண்ணலாம் என்றால் நேரம் இடிக்கும். இங்கே அம்மா இரண்டாவது ஷிஃப்ட் முடித்து ராத்திரி 11 மணிக்கு வீட்டுக்கு வந்தால், ஜெர்மனியில் குளிர்காலத்தில் மாலை 6.30, பேசலாம். கொரியாவில் அப்போது அதிகாலை 2.30. வாரத்தில் ஒரு நாளை, வார விடுமுறையைப் பார்த்து, முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வராமல், வகுப்புக்குப் போகப் பிடிக்காமல் இரண்டு வாரம் ஓடினால், பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசகரிடம் போங்கள். பெரும்பாலும் இலவசம்.

மொழியை இங்கேயே தொடங்கலாம். சென்னையில் ஜெர்மனுக்கு கதே இன்ஸ்டிட்யூட், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், கொரியனுக்கு இன்கோ சென்டர், ஜப்பானிய மொழிக்கு ஏ.பி.கே. - ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய். அங்கே ஆங்கிலத்தில் பாடம் நடக்கலாம். பக்கத்து ரூம்காரர் சமையலறையில் சிரிப்பது ஆங்கிலத்தில் இருக்காது. எக்ஸ்சேஞ்ச் விண்ணப்பம் தேறாமலே போனாலும் இந்த வகுப்பு வீணாகாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இன்டர்வியூவில் கொரியனோ ஜப்பானியமோ பேசினால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்வார்.

கடைசியாக, திரும்பி வரும் டிக்கெட் போடும் முன் ஒரு வேலை. அங்கே ரிசல்ட் வந்து, முத்திரையோடு டிரான்ஸ்கிரிப்ட் தயாராகச் சில வாரம் ஆகலாம். யாருக்கு, எந்த மெயிலில் அனுப்புவார்கள் என்று அங்கிருக்கும்போதே கேட்டு, உங்கள் காலேஜ் தேர்வுப் பிரிவின் முகவரியையும் கொடுத்துவிடுங்கள். படித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பி.டி.எஃப்-ஆக இறக்கி வையுங்கள். பாடம் மாறிப் படித்திருந்தால், திருத்திய லேர்னிங் அக்ரிமென்ட்டில் புதுக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் பல்கலைக்கழக மெயில் ஐடியை எந்தத் தேதியில் மூடுவார்கள் என்பதையும் கேட்டுவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்புங்கள்.