அபராதச் சீட்டு எழுதும் வண்டி



பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வந்தவர்கள் நம் பிளாக்கில் பலர் இருக்கிறீர்கள். அங்கே தெருவில் காரை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் கண்ணாடியில் அபராதச் சீட்டு காத்திருக்கும் என்பதை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் சீட்டை வைத்துவிட்டுப் போகிற ஊழியரின் வண்டியைக் கவனித்திருக்கிறீர்களா? இத்தனை காலம் பெட்ரோலில் ஓடிய அந்த வண்டிகளை ஒவ்வொரு நகரமாக மின்சாரத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இதைப் புதுமை என்று எழுதுகிறார்கள். பழைய கணக்கைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை.

அமெரிக்கப் போலீசுக்குக் கிடைத்த முதல் மோட்டார் வண்டியே மின்சார வண்டிதான். 1899-இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரான் நகரம் அதை வாங்கியது. விலை 2,400 டாலர். ஒருமுறை சார்ஜ் செய்தால் சுமார் 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர் ஓடும். அதற்குக் கிடைத்த முதல் டியூட்டி, தெருவில் குடித்துவிட்டு விழுந்து கிடந்த ஒருவரை ஏற்றிவருவது! அடுத்த ஆண்டே ஆகஸ்டில் அந்த ஊரில் பெரிய கலவரம் மூண்டது. கும்பல் அந்த வண்டியைக் கொண்டுபோய்க் கால்வாயில் தள்ளிவிட்டது.

அதே 1899-இல், மே 20-ஆம் தேதி, நியூயார்க்கின் லெக்சிங்டன் அவென்யூவில் ஜேக்கப் ஜெர்மன் என்ற டாக்சி டிரைவர் அதிவேகமாக ஓட்டியதற்காகக் கைதானார். அந்த அதிவேகம் எவ்வளவு தெரியுமா? மணிக்கு 12 மைல். அவரைத் துரத்திப் பிடித்த போலீஸ்காரர் வந்தது சைக்கிளில். டாக்சி ஓடியது மின்சாரத்தில். அந்த டாக்சி கம்பெனி பேட்டரி தீர்ந்தால் காரைக் காக்கவைக்காது. டிப்போவில் இயந்திரத்தை வைத்துச் சில நிமிடங்களில் பேட்டரியையே மாற்றி அனுப்பும். இன்று இங்கே பேட்டரி மாற்றும் நிலையங்களைப் பார்த்து நாம் வியக்கிறோமே, அந்த ஏற்பாடு அப்போதே இருந்தது.

1900-இல் அமெரிக்காவில் தயாரான கார்களின் கணக்கு இது: நீராவியில் ஓடியவை 1,681, மின்சாரத்தில் 1,575, பெட்ரோலில் 936. கடைசி இடத்தில் இருந்தது பெட்ரோல்.

பிறகு என்ன ஆயிற்று? 1908-இல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. கைப்பிடியைச் சுழற்றி இன்ஜினைக் கிளப்புகிற தொல்லை 1912-இல் கேடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்ததும் தீர்ந்தது. ஊர் விட்டு ஊர் போக மின்சார வண்டிக்குத் தெம்பு இல்லை. கணக்கு முடிந்தது.

ஆனாலும் கணக்கு முழுதாக முடியவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நியூயார்க்கில் ரொட்டிக் கம்பெனிகளும் பெரிய ஜவுளிக் கடைகளும் அதன் பிறகும் பல வருடம் மின்சார வண்டியிலேயே சரக்கு அனுப்பின. இங்கிலாந்தில் வீடு வீடாகப் பால் போட்ட வண்டி நம் காலம்வரை மின்சாரத்தில்தான் ஓடியது. வீட்டுக்கு வீடு நின்று, மெதுவாக நகர்ந்து, தினம் அதே தெருக்களைச் சுற்றி, வேலை முடிந்ததும் அதே டிப்போவுக்குத் திரும்புகிற வண்டிக்கு நீண்ட தூரம் ஓடும் தெம்பு தேவையே இல்லை. அதிகாலையில் சத்தமில்லாமல் வருவதும் பெரிய சௌகரியம்.

இனி நம் அபராத வண்டிக்கு வருவோம். பார்க்கிங் மீட்டர் முதன்முதலில் 1935 ஜூலை 16 அன்று ஓக்லஹோமா நகரில் நடப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து சென்ட். மீட்டர் குற்றத்துக்கு முதலில் கைதானவர் ஒரு பாதிரியார் என்றும், சில்லறை மாற்றப் போயிருந்தேன் என்று அவர் சொன்னதும் வழக்கு தள்ளுபடியானது என்றும் சொல்வார்கள். கவுன்டரில் சில்லறைக்காகச் சண்டை பார்த்த எனக்கு அந்தப் பாதிரியார் மேல் தனி அனுதாபம். நியூயார்க்குக்கு மீட்டர் வந்தது 1951-இல், ஹார்லெம் பகுதியில். மீட்டர் பெருகப் பெருக, அதைக் கண்காணிக்க ஆள் வேண்டியிருந்தது. ஆளுக்கு வண்டி வேண்டியிருந்தது. குஷ்மன், கோ-4 என்ற குட்டி மூன்று சக்கர வண்டிகள் வந்தன. நம் ஆட்டோவின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டியின் வேலை என்ன? பத்தடி நகர்வது, நிற்பது, சீட்டு எழுதுவது, மறுபடி பத்தடி. அச்சு அசலாகப் பால் வண்டியின் வேலை. பெட்ரோல் இன்ஜினுக்கு இதைவிட மோசமான வேலை கொடுக்க முடியாது. நிற்கும் நேரமெல்லாம் இன்ஜின் உறுமிக்கொண்டே எரிபொருளைக் குடிக்கும். புகை முதலில் போவது அந்த ஊழியரின் மூக்குக்கு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. நியூயார்க்கில் மூன்று நிமிடத்துக்கு மேல் இன்ஜினை ஓடவிட்டு நிற்பது சட்டப்படி குற்றம். லாரியோ பஸ்ஸோ அப்படி நின்றால் வீடியோ எடுத்துப் புகார் செய்கிற பொதுமக்களுக்கு அபராதத்தில் 25 சதவீதம் பங்கு கிடைக்கிறது.

பிறகு ஏன் இத்தனை காலம் பெட்ரோல்? அந்த நாள் பேட்டரி ஈயக் கனம் என்பது ஒரு காரணம். டெண்டரில் வாங்கும் விலையை மட்டும் பார்ப்பது இன்னொன்று என்பது என் கணிப்பு. மூலதனச் செலவு ஒரு பக்கத்தில், ஓட்டும் செலவு வேறொரு பக்கத்தில் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கூட்ட யாருக்கும் தோன்றாது.

நியூயார்க் கூட்டிப் பார்த்தது. தன் அலுவல் கார்களின் 2018-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் செலவை வகை வாரியாகப் பிரித்து, 2019-இல் வெளியிட்டது. மின்சார கார்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 200 முதல் 400 டாலர். அதே வேலை செய்த பெட்ரோல் கார்களுக்கு 1,000 டாலருக்கு மேல். ஆயில் மாற்ற வேண்டாம். பிரேக் கட்டையும் அவ்வளவு சீக்கிரம் தேயாது. 2023-இல் சட்டமே போட்டுவிட்டார்கள்: அவசரப் பணியில் இல்லாத இலகு ரக, நடுத்தர ரக நகர வாகனங்கள் எல்லாம் 2035-க்குள் புகையில்லாதவையாக மாற வேண்டும்.

நம் பேஸ்மென்டில் சார்ஜிங் பாயின்ட் வேண்டுமா, கேபிள் செலவு யார் தலையில் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம் அல்லவா? அங்கேயும் காரைவிடக் கேபிள்தான் தகராறு. தெருவைத் தோண்ட வேண்டும், லோடு வாங்க வேண்டும். அதனால் சில இடங்களில் ஒரே ஒரு கார் நிற்கும் இடத்தில், தலைக்கு மேல் சோலார் தகடும் அதற்கென்று தனி பேட்டரியும் கொண்ட பந்தல்களை இறக்கி வைத்தார்கள். தோண்டல் இல்லை, மின் இணைப்பும் இல்லை. கார் அந்தப் பந்தலின் மேடை மீதே ஏறி நிற்பதால் ஒரு பார்க்கிங் இடம்கூடக் குறையவில்லை.