அரை லிட்டர் ரத்தம்

டெங்கு சீசன் என்றால் கள்ளக்குறிச்சி டீக்கடையில்கூட "பிளேட்லெட் எவ்ளோ?" என்பார்கள். காய்ச்சலே இல்லாமல் சிலருக்கு அது சரிகிறதே, ஏன்?

1950. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரம். இளம் டாக்டர் வில்லியம் ஹாரிங்டன், அப்படியொரு நோயாளியின் ரத்தத்தை சுமார் அரை லிட்டர் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட்டுகள் மாயம்! வலிப்பே வந்துவிட்டது. நல்லவேளை, பிழைத்தார். ரத்தத்திலேயே வில்லன் இருப்பது ருசுவானது. அது வேறு யாருமில்லை, உடம்பைக் காக்கவேண்டிய ஆன்டிபாடிதான் என்பது பிற்பாடு தெளிவாயிற்று.

1981-ல் சுவிட்சர்லாந்து டாக்டர் பால் இம்பாக், ஆரோக்கியமான பலரின் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகளைச் செலுத்தியதில், குழந்தைகளுக்கு பிளேட்லெட் ஏறியதை அறிவித்தார். முள்ளை முள்ளால் எடுத்த கதை!

இன்று புது மருந்தென்றால், வில்லன் ஆன்டிபாடியை முதலில் சுண்டெலிக்குத்தான் ஏற்றுகிறார்கள். அந்த எலிகளுக்கெல்லாம் மூத்தவர், ஹாரிங்டன்.