நன்னம்பிக்கை முனையில் ஒரு பள்ளிவாசல்

1952ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஒரு பெருவிழா நடந்தது. 1652 ஏப்ரலில் யான் வான் ரீபேக் என்னும் ஒல்லாந்தத் தளபதி நன்னம்பிக்கை முனையில் கரையிறங்கி முந்நூறு ஆண்டுகள் நிறைந்ததை வெள்ளையர் கொண்டாடினர். தம் முன்னோர் காற்றோடும் பசியோடும் நோயோடும் போராடி ஒரு நாட்டை எழுப்பிய கதை அங்கே நடித்துக் காட்டப்பட்டது. வெள்ளையரல்லாத மக்களில் பெரும்பகுதியினர் அவ்விழாவைப் புறக்கணித்தனர்.

1994 ஏப்ரலில், அந்நாட்டின் முதல் மக்களாட்சித் தேர்தல் நடந்த அதே மாதத்தில், அதே நகரின் முஸ்லிம்கள் மற்றொரு முந்நூறாம் ஆண்டைக் கொண்டாடினர். 1694இல் ஷெய்கு யூசுஃப் (ரஹ்) அவர்கள் கைதியாக வந்திறங்கியதே அவர்களது ஆண்டுக் கணக்கின் தொடக்கம். குடியேறியவர் என்றால் விரும்பி வந்தவர் மட்டுமே என்று எண்ணிப் பழகிவிட்டோம். விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவரும் அம்மண்ணில் குடியேறியவரே. அவர்கள் பிழைத்திருந்த விதத்தையும், அதை அவர்களுடைய வழித்தோன்றல்கள் நினைவில் வைத்திருக்கும் விதத்தையும் இங்கே சற்று நிதானமாகப் பார்க்க விழைகிறோம். காரணம், அந்த நினைவில் நம் கரைக்கும் ஒரு பங்கு உண்டு. அவர்களும் அதை மறந்தார்கள், நாமும் மறந்தோம்.

கிழக்கே செல்லும் கப்பல்களுக்கு நீரும் இறைச்சியும் காய்கறியும் தருவதற்காகவே ஒல்லாந்தக் கம்பெனி முனையில் தளம் அமைத்தது. வேலைக்கு ஆள் போதவில்லை. 1658 முதல் அடிமைகள் தொகுதி தொகுதியாக வரத் தொடங்கினர். 1808இல் அடிமை வணிகம் தடைசெய்யப்படும் வரை வந்தவர் ஏறத்தாழ 63,000 பேர் என்று வரலாற்றாய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள். மீதிப்பேர் மடகாஸ்கர், ஆப்பிரிக்கக் கரை, இந்தோனேசியத் தீவுகள் ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள்.

ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது 1658இல். அதை அடுத்த ஆண்டுகளில் தஞ்சைச் சீமை படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் சீரழிந்தது. ஒரு பிடி அரிசிக்காகப் பிள்ளைகளையும் தம்மையும் விற்றுக்கொண்டவர் ஆயிரக்கணக்கானோர். நாகையிலும் பழவேற்காட்டிலும் கப்பலேற்றப்பட்ட அவர்களுள் மிகுதியானோர் இலங்கைக்கும் படேவியாவுக்கும் சென்றனர். பிற்காலத்தில் அந்த வழிகளிலேயே பலர் முனை வரைக்கும் கொண்டுபோகப்பட்டனர்.

கேப் டவுனில் கம்பெனியின் அடிமைகளுக்கென 1679இல் ஒரு கட்டடம் எழுப்பப்பட்டது. சாளரம் என்று சொல்லத்தக்கது அதில் இல்லை. கம்பியிட்ட குறுகிய பிளவுகளே இருந்தன. ஈரமும் இருளும் நெரிசலும் நிறைந்த அவ்விடத்தில் இறந்தவர் பலர். அடிமைக்குத் தன் பெயரும் சொந்தமில்லை. எஜமானர்கள் கிரேக்க, ரோமானியக் கதைகளிலிருந்து விளையாட்டாகப் பெயர் எடுத்துச் சூட்டினர்; அல்லது வாங்கிய மாதத்தின் பெயரையே வைத்தனர். செப்டம்பர், பெப்ரவரி என்ற குடும்பப் பெயர்கள் இன்றும் அந்நகரில் வழங்குகின்றன. இட்ட பெயருக்குப் பின்னால் ஊர் ஒட்டப்பட்டது: வங்காளத்து இன்னார், மலபாரின் இன்னார், சிலோனின் இன்னார், 'கரையின்' இன்னார். ஒல்லாந்தர் வெறுமனே கரை என்றால் அது சோழமண்டலக் கரைதான்.

இவ்வடிமைகளுக்கு முற்றிலும் வேறான நிலையில் இருந்தோர் அரசியல் கைதிகள். மகாஸரின் கோவா நாட்டில் 1626இல் பிறந்த ஷெய்கு யூசுஃப், மக்காவில் பயின்று திரும்பி பந்தன் நாட்டு சுல்தானுக்குத் துணைநின்று ஒல்லாந்தரை எதிர்த்தவர். பிடிபட்ட அவரை 1684இல் இலங்கைக்குக் கடத்தினர். நாடுகடத்தினால் அடங்கிவிடுவார் என்று கம்பெனி கருதியது. அவரோ அங்கேயிருந்து அரபியில் நூல்கள் எழுதினார். அவற்றுள் ஒன்றுக்கு 'அந்நஃப்ஹத்துஸ் ஸைலானிய்யா', அதாவது இலங்கை நறுமணம், என்றே பெயர். ஹஜ் யாத்திரைக் கப்பல்கள் இலங்கையில் தங்கிச் செல்வது வழக்கம். அவற்றின் வழியே அவருடைய எழுத்து தாயகத்தை எட்டுகிறது என்றறிந்த கம்பெனி, 1694இல் அவரை நாற்பத்தொன்பது பேருடன் முனைக்கு அனுப்பியது. நகரத்து அடிமைகளோடு கலவாதிருக்கத் தொலைவில் ஸான்ட்ஃப்ளீட் என்ற பண்ணையில் வைத்தது. ஓடிவந்த அடிமைகள் அவரைத் தேடிவந்து அங்கே கூடினர் என்பது மக்கள் வழக்கு. 1699இல் அவர் அங்கேயே மறைந்தார். அவ்வூர் இன்றும் மகாஸர் என்றே அழைக்கப்படுகிறது. அவருடைய உடல் 1705இல் தாயகம் கொண்டுசெல்லப்பட்டதாக மகாஸர் மக்கள் கூறுகின்றனர். ஸியாரம் இரு நாடுகளிலும் உண்டு. இரண்டிலும் ஃபாத்திஹா ஓதப்படுகிறது.

கம்பெனியின் ஆட்சியில் புரட்டஸ்தாந்துச் சபை ஒன்றுக்கே பொதுவெளி வழிபாடு அனுமதிக்கப்பட்டது. மற்றச் சமயத்தார் வீட்டுக்குள் தொழலாம். வெளியே தொழக் கூடாது, பிறரை அழைக்கவும் கூடாது. இந்நிலையில் இஸ்லாம் எவ்வாறு வளர்ந்தது? அடிமைக்குத் திருமணம் என்பதைச் சட்டம் ஏற்கவில்லை. இமாம்களோ நிக்காஹ் செய்துவைத்தனர், குழந்தைக்குப் பெயரிட்டனர், ஜனாஸா தொழுவித்தனர். அதாவது, சட்டம் மறுத்த குடும்பத்தை அவர்கள் கொடுத்தனர். மற்றொரு காரணம் விந்தையானது. கிறிஸ்தவத்தில் உறுதிப்படுத்தப்பட்ட அடிமையை விற்கலாகாது என்று 1770இல் ஓர் ஆணை பிறந்தது. உடனே எஜமானர்கள் தம் அடிமைகளை ஆலயத்தின் பக்கமே விடாது பார்த்துக்கொண்டனர்! விற்பனைக்கு இடையூறில்லாத முஸ்லிம் அடிமையே அவர்களுக்கு வசதியானவன். குடியாதவன் என்பதால் நம்பத்தக்கவனும் ஆனான்.

1780இல் திதோர் தீவின் அரச குலத்தைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ் பின் காழி அப்துஸ்ஸலாம் கைதியாக வந்தார். மக்கள் அவரைத் துவான் குரு என்றனர். அவர் அடைக்கப்பட்ட இடம் ராபன் தீவு; நெல்சன் மண்டேலாவின் சிறைவாசத்தால் பிற்காலத்தில் உலகறிந்த அதே தீவு. கல் வெட்டுவதும் சுண்ணாம்புக்குச் சிப்பி பொறுக்குவதும் அங்கே கைதிகளின் வேலை. சிறையிலிருந்தபோது, 1781இல், அகீதாவையும் ஃபிக்ஹையும் விளக்கும் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு நூலை அரபியிலும் மலாயிலுமாக எழுதி முடித்தார். திருக்குர்ஆனை முழுவதும் மனனத்திலிருந்தே எழுதினார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் விடுதலையானவர் நகரின் டோர்ப் தெருவில் ஒரு மத்ரஸா தொடங்கினார். அடிமைகளின் பிள்ளைகளும் விடுதலை பெற்றோரின் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக ஓதினர்.

அந்தத் தெருவில்தான் நம் கதையின் மையம் உள்ளது. 1794இல் அங்கே இடம் வாங்கியவர் 'சிலோனின் கோரிடான்' என்ற விடுதலை பெற்ற அடிமை. நகரில் நிலவுடைமை பெற்ற முதல் முஸ்லிம் இவரே என்பர். கோரிடான் என்பது எஜமானர் இட்ட பெயர். கிரேக்க, லத்தீன் கவிதைகளில் வரும் ஆயனின் பெயர். இவருடைய இயற்பெயரை எந்த ஆவணமும் காக்கவில்லை. இவரது இடத்தில் எழுந்ததே அவ்வல் பள்ளி, அந்நாட்டின் முதல் பள்ளிவாசல். இவருக்குப் பின் மனைவிக்கும், பிறகு மகள் ஸார்ட்ஜீக்கும் அச்சொத்து சேர்ந்தது. மகள் அதைப் பள்ளிவாசலாகவே விட்டுவைத்தார். தந்தை சிலோனைச் சேர்ந்தவர். மகளின் பெயரோ 'முனையின் ஸார்ட்ஜீ'. ஒரே தலைமுறையில் பழைய ஊர் உதிர்ந்து புதிய ஊர் ஒட்டிக்கொண்டது. அவர் மணந்தவர் வங்காளத்து அஹ்மத். பின்னாளில் அப்பள்ளியின் இமாமாக இருந்தவர்.

திதோர் இளவரசர் ஓதிக்கொடுத்தார். இலங்கை அடிமை இடம் தந்தார். மகள் அதைக் காத்தார். வங்காளி இமாமத் செய்தார். ஆனால் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு வாய்த்த பெயர் 'கேப் மலாய்' என்பது. பல நாட்டு அடிமைகளுக்குப் பொதுமொழியாக மலாய் இருந்ததாலும், ஆசான்கள் அத்தீவினர் என்பதாலும் வந்த பெயர் அது. மொழியின் பெயர் மெல்ல இனத்தின் பெயராயிற்று. 1950இன் மக்கட்பதிவுச் சட்டத்துக்குப் பின் இனவெறி அரசு அதை ஒரு வகைப்பாடாகவே முத்திரையிட்டது. அதே அரசு 1966இல் மாவட்டம் ஆறு என்னும் பகுதியை வெள்ளையருக்கென அறிவித்து, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பங்களை நகருக்கு வெளியே மணல்வெளிக்குத் துரத்தியது. அப்பகுதிக்கு மக்கள் வழங்கிய பெயர் கனலாடோர்ப். 'அல்லாஹ்வுக்காக' என்ற பொருளுடைய மலாய்த் தொடர் தேய்ந்து 'கனலா' ஆகி, 'தயவுசெய்து' என்ற பொருளில் வழங்கியது. வீட்டுப் பேச்சிலிருந்து மலாய் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலான பின்னும் பெருநாளுக்கு 'லபராங்' என்ற சொல் நிற்கிறது.

மொழியில் இன்னொரு புதுமை நம் வாசகருக்கு உடனே விளங்கும். மத்ரஸாக்களில் மலாய் மங்கி ஆஃப்ரிகான்ஸ் பரவியபோது, ஆலிம்கள் அதை அரபு எழுத்தில் எழுதினர். இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்தனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் அரபுத் தமிழுக்குச் செய்ததும் இதுவே. உஸ்மானிய சுல்தான் அனுப்பி 1860களில் வந்த அபூபக்ர் எஃபெந்தி எழுதிய 'பயானுத்தீன்' 1877இல் இஸ்தான்பூலில் இவ்வாறே அச்சாயிற்று. அவர் ஹனஃபி, ஊராரோ நம் மரக்காயர்களைப் போல் ஷாஃபிஈ. சிங்கி இறால் உண்ணலாகாது என்று அவர் சொன்னதை மீனவர் நிறைந்த அவ்வூர் பொறுக்கவில்லை என்பதைச் சொல்லாமலே ஊகிக்கலாம்.

நகரைச் சுற்றிலும் மலைச்சரிவிலும் கடலோரத்திலும் அமைந்த ஸியாரங்கள் ஒரு வளையமாக நின்று ஊரைக் காக்கின்றன என்பது அம்மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. அவற்றுள் அடங்கியிருப்போர் பெரும்பாலும் ஷெய்குகள், இளவரசர்கள். குடும்பக் கதைகளும் அவர்களிடமே போய்ச் சேர்கின்றன. இதைப் பொய் என்று தள்ள நமக்கு மனமில்லை. அடிமை என்று ஏசப்பட்டோரின் பிள்ளைகள், தமக்கு நிமிர்ந்து நின்ற முன்னோரைத் தேர்ந்துகொண்டனர். ஆயினும் சந்தையில் விற்கப்பட்டுப் பெயரிழந்தவர்கள் இக்கதையில் விடுபட்டனர். அவர்களுள் 'கரையின்' மக்கள் நமக்கு உறவினர். கப்பலோட்டி வாணிகம் செய்த மரக்காயர் வரலாற்றைப் பெருமையுடன் எழுதும் நாம், அதே துறைகளில் கப்பலேறி விற்கப்பட்டவரைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்?

1980களின் நடுவில் அவ்வல் பள்ளியைச் செப்பனிட்டபோது, பரணில் ஒரு பை கிடைத்தது. உள்ளே கறுப்பிலும் சிவப்பிலும் மையெழுத்து நிறைந்த, கட்டப்படாத தாள்கள் இருந்தன. துவான் குருவின் கையெழுத்துத் திருக்குர்ஆன் அது. பக்க எண் எதுவும் இடப்பட்டிருக்கவில்லை. உள்ளூர் ஆலிம்கள் சிலர் கூடியமர்ந்து தாள் தாளாக ஓதிப் பார்த்து வரிசைப்படுத்தினர். கட்டி முடிக்க மூன்றாண்டுகள் பிடித்தன. கோரிடானின் மனையில் அது இன்றும் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது.